புள்ளியைத் தின்ற திரை

போன கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரி சிதம்பரத்திலிருந்து சித்தப்பா போன் பண்ணினார்.

"தம்பி, இனிமே நான் பச்சை போடல. என் கண்ணை என்னாலயே நம்ப முடியல. நீ வேற யாரையாவது பாத்துக்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

'பச்சை போடுறது' என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. தமிழ் விக்கிமூலத்தில் பழைய புத்தகத்தின் ஸ்கேன் படம் ஒரு பக்கமும், ஓ.சி.ஆர். அதிலிருந்து எடுத்துக் கொடுத்த எழுத்து இன்னொரு பக்கமும் இருக்கும். யாரும் இன்னும் பார்க்காத பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறு ஒருவர் மறுபடியும் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டால் பச்சை. மஞ்சள் போட்ட ஆளே பச்சையும் போட முடியாது. அதனால் கடலூரில் உட்கார்ந்து நான் மஞ்சள் போடுவேன், சிதம்பரத்தில் சித்தப்பா பச்சை போடுவார். அவர் 34 வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவர். எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவர் கையில் ஒரு தடவை போய்த்தான் வரும்.

அவர் பச்சை போட்ட பக்கங்களில் பிழை இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். 'என் மனம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'என மனம்'. 'கேட்டான்' என்ற இடத்தில் 'கெட்டான்'. 'பல்' இருக்க வேண்டிய வரியில் 'பல'. எல்லாமே சொந்தக் காலில் நிற்கிற தமிழ்ச் சொற்கள், அதனால் எந்தச் சொல்திருத்தியும் சிவப்புக் கோடு போடாது. மனிதக் கண்தான் பிடிக்கணும். பிடிக்கவில்லை.

சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதனால் 'கண் போச்சு' என்று அவரே முடிவு பண்ணிவிட்டார். ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் பக்கங்களுக்கு மஞ்சள் போட்டது நான். என் கண்ணில் ஆபரேஷன் எதுவும் இல்லை. நானும்தானே விட்டிருக்கிறேன்? இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பிழையை விட்டிருந்தால், இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது என்ன?

இருந்தது. நானே வாங்கி, இரண்டு மாசம் கடலூரில் வைத்துப் பார்த்துவிட்டு, 'உங்க கண்ணுக்கு நல்லது சித்தப்பா' என்று புரட்டாசியில் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்த இ-இங்க் திரை. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

என்ன திரை, எதற்கு

இ-இங்க் என்றால் கிண்டிலில் இருக்கிற அதே சங்கதி. தலைமுடி தடிமனுக்கு நுண்ணிய உருண்டைகள், உள்ளே தெளிவான திரவம், அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்தது அங்கேயே நிற்கும், பிடித்து வைத்திருக்க மின்சாரம் வேண்டாம். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. அறையில் இருக்கிற வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது, காகிதத்தில் வருகிற மாதிரி.

மின்தாள் என்ற யோசனை பிறந்ததே கணினித் திரைக்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1970களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் நிக் ஷெரிடன், ஆல்டோ கணினியின் மங்கலான திரைக்கு மாற்று தேடித்தான் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கறுப்பு என்று சுழலும் மணிகளை வைத்து 'கைரிகான்' செய்தார். இன்றைய இ-இங்க் வேறு வழி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சனும் அவரது மாணவர்களும் செய்த வேலையிலிருந்து 1997ல் கம்பெனி பிறந்தது. 2004ல் சோனியின் லிப்ரியே, 2007ல் கிண்டில். புத்தகம் படிக்கும் கருவியாகவே அது பேர் வாங்கிவிட்டது. அதைக் கணினியோடு கேபிள் போட்டு இணைக்கும் இரண்டாவது திரையாக விற்பது கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷக் கதை. டாசுங் என்ற சீன கம்பெனி அதில் முன்னோடி, ஓனிக்ஸ் 2021ல் 'மீரா' வரிசையைக் கொண்டுவந்தது.

எல்லா விளம்பரத்திலும் ஒரே வாக்கியம்தான்: காகிதம் போல. நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒரு கருவியின் குறை மட்டும் இல்லை, இந்த நுட்பத்தோடு கூடப் பிறந்தது.

வேகம் வேணுமா, புள்ளி வேணுமா

போன் வந்த அந்த ஞாயிறே திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் மனசில் ஒரு சந்தேகம் உருவாகியிருந்தது. போனதும் காபி கூடக் குடிக்காமல் திரையின் முன்னால் உட்கார்ந்து, 'என்' என்ற சொல்லையும் 'என' என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தேன்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிந்தன. ஒன்றின் தலையில் லேசான தூசு மாதிரி ஏதோ இருந்தது. அவ்வளவுதான்.

காரணம் இதுதான். இ-இங்க் திரையை இயக்குவதற்குப் பல முறைகள் உண்டு. ஜி.சி.16 என்ற முறையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 16 படிச் சாம்பல் கிடைக்கும், ஆனால் ஒரு தடவை மாறுவதற்கு ஏறக்குறைய அரை விநாடி ஆகும், திரை ஒரு முறை 'பளிச்' என்று கறுத்து வெளுக்கும். ஏ2 என்ற முறை அதில் கால் பங்கு நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம். கம்பெனிகள் இவற்றுக்கு 'வாசிப்பு', 'வேகம்', 'வீடியோ' என்று ஆளுக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். கணினித் திரையாகப் பயன்படுத்தும்போது மவுஸ் நகரணும், பக்கம் உருளணும், அடித்த எழுத்து உடனே தெரியணும். அதனால் எல்லாரும் வேகமான முறைக்குத்தான் போவார்கள். நானும் சித்தப்பாவுக்கு அதைத்தான் வைத்துக் கொடுத்திருந்தேன்.

இப்போது கணினி எழுத்தை எப்படி வரைகிறது என்று பாருங்க. விளிம்புகள் ரம்பப்பல் மாதிரி தெரியாமல் இருக்க, ஓரத்தில் சாம்பல் நிறப் பிக்சல்களைச் சேர்க்கிறது. பெரிய வளைவுக்கு இது அழகு. புள்ளி மாதிரி ஒரு சின்ன உருவத்துக்கோ, அந்தப் புள்ளியே பெரும்பாலும் சாம்பல்தான். இரண்டே நிறம் தெரிந்த திரையிடம் அதைக் கொடுத்தால், 'இது கறுப்பா வெள்ளையா' என்று அது ஒரு முடிவு எடுக்கணும். பாதி நேரம் வெள்ளை என்று எடுத்துவிடுகிறது. புள்ளி போச்சு. ஏகாரத்தின் மேல்சுழியும் இதே கதைதான். சுழிக்கு நடுவே இருக்கும் துளி வெள்ளை அடைத்துப்போனால் 'கே'யும் 'கெ'யும் ஒரே குமிழாகத் தெரியும். ரகரத்தின் காலடியில் இழுக்கிற சின்னக் கோடு தேய்ந்தால் அது துணைக்கால் மாதிரி நிற்கும்.

ஆங்கிலத்திலும் ஐ, ஜே எழுத்துகளுக்குப் புள்ளி உண்டு. ஆனால் அந்தப் புள்ளி போனாலும் வாசிப்பவருக்கு ஒன்றும் குறையாது. இந்தத் திரைகளைப் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் 'தெளிவாக இருக்கிறது' என்று சொல்கின்றன. நம்ம எழுத்தில் புள்ளி அலங்காரம் இல்லை. அது இருந்தால் மெய், இல்லாவிட்டால் உயிர்மெய். தலையில் ஒரு கடுகு வித்தியாசத்தில் 'நில்' என்ற கட்டளை 'நில' என்று மண்ணைத் தொடுகிறது.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 13.3 அங்குலத் திரைக்கு 2200×1650 பிக்சல், அதாவது அங்குலத்துக்குச் சுமார் 207. 25.3 அங்குலப் பெரிய திரைக்கு 3200×1800, அங்குலத்துக்குச் சுமார் 145. கிண்டில் மாதிரிக் கையடக்கக் கருவிகளில் 300. 12 புள்ளி அளவு எழுத்தை எடுத்துக்கொண்டால், எழுத்தின் மொத்த உயரத்துக்கு முறையே 34, 24, 50 பிக்சல் கிடைக்கும். மெய்யெழுத்தின் புள்ளி அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் மூன்று, இரண்டு, ஐந்து பிக்சல். இரண்டு பிக்சல் புள்ளி, அதுவும் சாம்பல். இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்துப் பெரிய திரை வாங்குபவருக்குத்தான் புள்ளி இன்னும் சின்னதாகக் கிடைக்கிறது.

இதைச் சித்தப்பாவுக்குச் செய்து காட்டினேன். முறையை ஜி.சி.16க்கு மாற்றி, எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, கொஞ்சம் தடித்த எழுத்துருவாகப் போட்டேன். திரை ஒரு தடவை கறுத்து வெளுத்து நின்றது. 'என்' மேல் புள்ளி மிளகு மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப இது என் கண்ணு இல்லையா?" என்றார்.

"இல்ல சித்தப்பா. நான் வாங்கிட்டு வந்த சனியன்."

ஏட்டுக்கே திரும்பிப் போகிறோமா

அவர் சிரித்துவிட்டு, "இது ஏட்டுச் சுவடி படிச்ச கதையா இருக்கேடா" என்றார். அந்த ஒப்பீடு எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு இடத்தில் அது பொருந்தவில்லை.

ஏட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் பெரும்பாலும் ஏட்டில் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. மெய்க்குப் புள்ளி வேண்டும், குறில் எகர ஒகரத்துக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதி சொல்லியும் ஓலையில் எழுதிய கை அதைக் கடைப்பிடிக்கவில்லை. எகர ஏகாரத்தைச் சுழி போட்டுப் பிரித்துக் காட்டும் வழக்கத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைத்தான் நன்றியோடு சொல்கிறோம். புள்ளி ஒழுங்காக நிலைத்தது அச்சு வந்த பிறகு. 1864ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் மாதிரிப் பதிப்பாசிரியர்கள் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோது செய்த வேலையில் பெரும் பங்கு இதுதான்: எந்த எழுத்துக்குப் புள்ளி உண்டு, எதற்கு இல்லை என்று ஒவ்வொரு எழுத்துக்கும் முடிவு எடுத்தது. உ.வே.சாமிநாதையர் காலம் முழுக்கச் செய்ததும் அதைத்தான்.

ஆனால் ஏடு படித்தவருக்குப் புள்ளி இல்லை என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்ததால் அவர் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, யாப்பையும் பொருளையும் வைத்து 'இது என்னவாக இருக்கும்' என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கள் திரையின் முன்னால் உட்கார்ந்தவருக்கோ புள்ளி இருக்கிறது என்ற நம்பிக்கை. எல்லாப் புள்ளியும் ஒரே சீராக மங்கியிருந்ததால், இல்லாத புள்ளி தனியாகத் துருத்தித் தெரியவில்லை. நன்றாகத் தமிழ் தெரிந்தவர் மனசே விடுபட்ட இடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டது. தமிழ் நன்றாகத் தெரிந்ததே அவருக்கு எதிராக வேலை செய்தது.

இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தில்லைக் கோயில் அறையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்ட கதையைச் சிதம்பரத்தில் கேட்காத பிள்ளை கிடையாது. கரையான் தின்றால் ஓட்டை தெரியும், எது போச்சு என்றாவது தெரியும். தப்பாகப் பச்சை போட்ட பக்கத்தில் ஓட்டையே தெரியாது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் ஆரம்பித்ததிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த நூல்கள் எத்தனையோ இடங்களுக்கு நகலாகிப் போயிருக்கின்றன. விக்கிமூலத்துப் பக்கமும் அப்படித்தான் போகும். ஒரு பிழை வைத்து அனுப்பினால் அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது.

கண்ணுக்கு நல்லதா?

வாங்கியது கண்ணுக்காக. அதனால் அந்தக் கேள்வியையும் நேர்மையாகப் பார்க்கணும்.

ஆராய்ச்சி முடிவுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2012ல் சீகென்தாலரும் சக ஆய்வாளர்களும் எல்.சி.டி. திரையிலும் இ-இங்க் திரையிலும் பல மணி நேரம் படிக்க வைத்துப் பார்த்து, கண் களைப்பில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்றார்கள். 2013ல் பெனடெட்டோ குழு 'பிளாஸ் ஒன்' இதழில், எல்.சி.டி.யில் களைப்பு அதிகம், இ-இங்க் காகிதத்துக்கு நெருக்கம் என்று எழுதியது. அதில் கலந்துகொண்டவர்கள் 12 பேர். இரண்டு ஆய்வும் படிப்புக் கருவிகளை வைத்துச் செய்தவை, கணினியோடு இணைத்த இரண்டாவது திரையை வைத்து இல்லை. அதனால் 'நிரூபிக்கப்பட்டது' என்று யாராவது விற்றால் நம்பாதீங்க. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், எந்தத் திரையாக இருந்தாலும் நடுநடுவே எழுந்து போவது அதற்கு மருந்து.

என் அனுபவத்தில் பகலில் சித்தப்பா வீட்டு ஜன்னல் ஓரத்தில் இந்தத் திரைக்கு நிகர் இல்லை. எல்.சி.டி. அங்கே கண்ணாடி மாதிரி முகத்தைத்தான் காட்டும், இது பத்திரிகை மாதிரி படிக்கக் கிடைக்கும். சாயங்காலம் அறை இருட்டினால் நிலைமை தலைகீழ். அழுக்குச் சாம்பல் மேல் கறுப்பு. சில திரைகளில் முன்விளக்கு வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டால் 'விளக்கில்லாத திரை' என்று வாங்கியதற்குப் பாதி அர்த்தம் போய்விடும். மேசை விளக்கு ஒன்று வாங்கித் திரையின் மேல் படும்படி வைத்தோம். காகிதத்துக்கு வைக்கிற மாதிரியே. அது வேலை செய்தது.

இன்னொரு வேடிக்கை. விக்கிமூலத்தின் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றுமே கறுப்பு வெள்ளைத் திரையில் வெவ்வேறு சாம்பல்கள். எது மஞ்சள் எது பச்சை என்று சித்தப்பா ஒரு தடவை என்னிடம் போனில் கேட்டபோதே நான் விழித்திருக்கணும். வண்ண இ-இங்க் வந்திருக்கிறது, ஆனால் பரவலாக இருக்கும் கலைடோ வகையில் வண்ணத்துக்கு வரும்போது தெளிவு பாதியாகும், வண்ணவடி மேலே இருப்பதால் தாளும் இருண்டு போகும். புள்ளி தேடுகிறவருக்கு அது இன்னும் ஒரு படி கீழே.

எந்தப் பக்கத்தை எந்தத் திரையில்

ஆரம்பத்தில் எங்கள் ஏற்பாட்டிலேயே ஒரு தப்பு இருந்தது. பழைய புத்தகத்தின் படத்தை இ-இங்கில் போட்டுவிட்டு, திருத்துகிற எழுத்தையும் நேரத்துக்கு ஏற்றபடி அங்கேயே இழுத்துப் பார்ப்போம். பழைய தாளுக்குத் தாள் மாதிரித் திரை, கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

ஸ்கேன் படம்தான் இந்தத் திரைக்கு ஆகவே ஆகாத சரக்கு. எழுபது எண்பது வருஷத் தாள் பழுத்து மஞ்சளாகி, ஈரப்புள்ளி விழுந்து, பின்பக்க மை ஊறித் தெரியும். வண்ணத்தில் பார்க்கும்போது எது மை, எது கறை என்று கண் பிரித்துவிடும். கறுப்பு வெள்ளையாக்கினால் அந்த மஞ்சளைக் காட்டத் திரை பொடிப்பொடியாகப் புள்ளிகளைத் தூவும். அதாவது, தட்டச்சு எழுத்தில் இருக்கிற புள்ளியைத் தின்றுவிட்டு, படத்தில் இல்லாத புள்ளியை வைத்துக் கொடுக்கும். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு இதைவிட மோசமான உதவியாள் கிடைக்க மாட்டான்.

இப்போது மாற்றிவிட்டோம். ஸ்கேன் படம் சாதாரண எல்.சி.டி.யில், வண்ணத்தோடு, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி. திருத்துவதும் தட்டச்சும் அங்கேயேதான். முதல் சுற்று ஒப்பீடு முழுக்க அதில் முடியும். இ-இங்கில் வருவது கடைசிச் சுற்று மட்டும்: திருத்தி முடித்த எழுத்து, பெரிய அளவில், மெதுவான முறையில், உருட்டாமல் பக்கம் பக்கமாக. மவுஸை அந்தப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. போனால் தொலைந்து போகும், வால் பிடித்த மாதிரிக் கோடு கோடாக நிழல் விட்டுத் தேடணும். நாலு பக்கத்துக்கு ஒரு தடவை திரையை முழுக்கத் துடைக்கும் பொத்தானை அழுத்தினால் முந்தைய பக்கத்தின் பேய் நிழல் போகும்.

இந்தக் கடைசிச் சுற்றில்தான் திரை தன் காசுக்கு வேலை செய்கிறது. பக்கம் மாற அரை விநாடி ஆவது இங்கே தொல்லை இல்லை. வேறு எதையும் அதில் செய்ய முடியாது என்பதால் சித்தப்பா அதில் படிக்க மட்டுமே செய்கிறார். வாட்ஸப் எட்டிப் பார்க்காது. சத்தம் போட்டு வாசிப்பார், நான் கடலூரிலிருந்து போனில் கேட்பேன். 'பொது' வந்த இடத்தில் 'போது' என்று வாசித்துத் தானே நின்றுவிடுவார். காது பிடிக்கும் பிழை கண் பிடிக்கும் பிழையைவிட நிறைய என்பது அவர் 34 வருஷமாகச் சொல்லி வருவது.

கரண்ட் போன சாயங்காலம்

தை மாசம் நான் போயிருந்தபோது ஒரு நாள் நாலரை மணிக்குக் கரண்ட் போச்சு. அவர் யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மேசைக் கணினி அணைந்தது, எல்.சி.டி. கறுத்தது. இ-இங்க் திரையில் பக்கம் அப்படியே நின்றது.

சித்தப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மின்சாரம் இல்லாமல் நிற்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், ஆனால் சொன்னது வேறு, பார்த்தது வேறு. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கரண்ட் வருமா வருமா என்று காத்துக் கிடந்த மாவட்டத்து ஆள். கேபிளைக் கழற்றினார், திரையைத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். மேற்கு வெளிச்சத்தில் அந்த ஒரு பக்கத்தை முடிவு வரை படித்தார்.

"அடுத்த பக்கம்?" என்றேன்.

"அதான் கரண்ட் வரட்டும்."

அந்த ஒரு பக்கம் வரைக்கும்தான் அது காகிதம் போல. காகிதம் என்றால் கண்ணுக்கு இதமான வெள்ளை என்று மட்டும் விளம்பரம் எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். மெய்ப்புப் பார்க்கிறவருக்குக் காகிதம் என்பது கையில் எடுத்துப் போகலாம், ஓரத்தில் பேனாவால் கிறுக்கலாம், அடுத்த தாளைப் புரட்டலாம், இன்னொருவரிடம் கொடுத்து 'இதைக் கொஞ்சம் பாரு' என்று சொல்லலாம் என்பதெல்லாம் சேர்ந்தது. கேபிள் கட்டிய இரண்டாவது திரையில் இதில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் பட்டுத் திரும்புகிற குணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முழுப் பெயரையும் சூட்டிக்கொண்டது.

காசுக்கு

13.3 அங்குலத் திரைகள் வெளிநாட்டில் வந்தபோது 800 டாலரைச் சுற்றி, 25.3 அங்குலம் 1,800 டாலரைச் சுற்றி விலை வைத்தார்கள். சின்னதற்கே சுங்கம் சேராமல் 65 ஆயிரம் ரூபாய் என்று வைப்போம். நகல் கடையில் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுத்தாலும் அந்தப் பணத்துக்கு 32,500 பக்கம் அச்செடுக்கலாம். 300 பக்கப் புத்தகம் நூற்றுக்கு மேல். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆயுசுக்கும் அத்தனை முடிக்கப் போவதில்லை. கையடக்கக் கருவியில் பி.டி.எஃப். ஆகப் போட்டுப் படிப்பதென்றாலும் இதில் பாதிக்கும் குறைவு, புள்ளிக்கு அதிகப் பிக்சலும் கிடைக்கும், திண்ணைக்கும் போகலாம்.

ஆக, மெய்ப்புப் பார்க்க மட்டும் என்றால் வாங்காதீங்க என்றுதான் சொல்வேன். நாள் முழுக்கக் கணினியில் நீண்ட உரைகள் படிக்கிறவர், ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருகிறவர், எல்.சி.டி. முன்னால் நிஜமாகவே கண் எரிச்சல் படுகிறவர் என்றால் யோசிக்கலாம். வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே: கடையிலோ நண்பர் வீட்டிலோ அந்தத் திரையில் 'என', 'என்', 'கெட்டான்', 'கேட்டான்' நாலையும் நீங்கள் வழக்கமாகப் படிக்கும் அளவில், நீங்கள் வழக்கமாக வைக்கப்போகும் வேகத்தில் அடித்துப் பாருங்க. ஒரு கை நீளத் தூரத்திலிருந்து நாலும் நாலாகத் தெரிந்தால் சரி. விற்கிறவர் காட்டும் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

நான் செய்த தப்பு அதுதான். அந்தத் தப்பின் செலவு பணம் மட்டும் இல்லை. வயசான மனுஷர் ஒருத்தர், கருவி சொன்னதை நம்பி, தன் கண்ணைச் சந்தேகப்பட்டு, தனக்குப் பிடித்த வேலையை விட்டுவிடப் பார்த்தார். கருவியைக் கேள்வி கேட்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் முதலில் தோன்றவில்லை. புது சாமான் ஒன்றும் வயசான ஆள் ஒருவரும் ஒரே மேசையில் இருந்தால், தப்பு ஆளிடம்தான் இருக்கும் என்று நாம் எவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணுகிறோம்!

அந்தக் கெட்டுப்போன பக்கங்களை இரண்டு பேரும் முதலிலிருந்து மறுபடி பார்த்தோம். திரை வந்த நாளிலிருந்து போட்ட மஞ்சள், பச்சை எல்லாவற்றையும் எடுத்துப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக. பொங்கலுக்குள் முடியும் என்று நினைத்தேன், மாசி வரைக்கும் இழுத்தது. போன வாரம் சித்தப்பா கடைசிப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பண்ணினார்.

"தம்பி, பதினோராவது வரியில 'மன'வா 'மண்'ணா? படத்தை நல்லா பெருசு பண்ணிப் பாரு."

பார்த்தேன். பழைய அச்சில் மை சரியாக விழாத இடம். ணகரம்தான், தலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி.

"மண்ணு சித்தப்பா."

"நானும் அதான் நெனச்சேன்," என்றார். பச்சை போட்டார்.